மருந்து அடிக்கும் முன்: பள்ளித் தோட்டத் தக்காளியில் ஒரு பாடம்

பள்ளித் தோட்டத்தில் மாணவர்கள் விரும்பி நடும் செடிகளில் தக்காளி முக்கியமானது. நாற்று நட்ட ஒரு மாதத்தில் பூக்கும். அடுத்த மாதத்தில் காய் தொங்கும். ஆனால் பூச்சியும் நோயும் எளிதில் தாக்கும் செடியும் அதுதான். இலை சுருண்டாலோ, காயில் துளை விழுந்தாலோ பிள்ளைகள் உடனே சொல்லும் தீர்வு, "மருந்து அடிச்சிரலாம் டீச்சர்" என்பதே. விவசாயக் குடும்பங்களில் அவர்கள் கேட்டுப் பழகிய சொல் அது.

அந்தச் சொல்லிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். மனிதருக்கு மருந்து தரும் முன் என்ன நோய் என்று மருத்துவர் பார்க்கிறார். செடிக்கு மட்டும் பார்க்காமலே அடித்துவிடுகிறோம். மேலும், மருந்து என்று நாம் சொல்வது உண்மையில் நஞ்சு. பள்ளித் தோட்டத்துக் காய் சத்துணவுச் சாம்பாருக்குப் போகிறது. செடியைத் தொடுபவை எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளின் கைகள். எனவே, இரசாயனப் பூச்சிக்கொல்லி பள்ளித் தோட்டத்திற்குள் வரக் கூடாது என்பது முதல் விதி. காரணம் தெரியாமல் எதையும் தெளிக்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. இந்த இரண்டாவது விதியை வகுப்பறைச் செயல்பாடாக மாற்றும் வழிகளை இங்கே பார்ப்போம்.

நான்கு குழுக்கள், நான்கு காரணங்கள்

தக்காளிச் செடியில் தோன்றும் பெரும்பாலான கோளாறுகளை நான்கு வகையில் அடக்கலாம். வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு வகையின் அடையாளங்களைத் தேடும் பொறுப்பைக் கொடுங்கள்.

*பூச்சிக் குழு:* கடித்த தடம், துளை, எச்சம் ஆகியவற்றைத் தேட வேண்டும். காய்ப்புழு தலையைக் காய்க்குள் நுழைத்து, உடலின் பின்பகுதியை வெளியே வைத்தபடி தின்னும். துவரை, கொண்டைக்கடலை, பருத்தி ஆகியவற்றையும் தாக்குவது இதே புழுதான். இலையில் மெல்லிய வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போனால், அது ஒரு சிறிய ஈயின் புழு இலைக்குள் சென்ற பாதை. கோடாக இல்லாமல் அகலமான காய்ந்த திட்டாக இருந்தால் ஊசிப்புழுவாக இருக்கலாம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் புழு 2014-இல்தான் இந்தியாவில் கண்டறியப்பட்டது.

*பூஞ்சைக் குழு:* செடியின் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளைப் பார்க்க வேண்டும். பழுப்புப் புள்ளிக்குள் வளையத்திற்குள் வளையமாகக் கோடுகள் தெரிந்தால் அது இலைக்கருகல் நோய். மண்ணில் தங்கிய வித்துகள் மழையும் தண்ணீரும் தெறிக்கும்போது அடி இலைக்கு ஏறுகின்றன. செடியின் மேல் நீர் ஊற்றாமல் வேரடியில் ஊற்ற வேண்டும் என்பதற்கான காரணம் இங்கே விளங்கும்.

*வைரஸ் குழு:* நுனியிலுள்ள இளம் இலைகளைப் பார்க்க வேண்டும். இலைகள் சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, செடியே குட்டையாக நின்றுவிட்டால் இலைச்சுருள் நோய் என்று சந்தேகிக்கலாம். இதைப் பரப்புவது வெள்ளை ஈ. செடியை இலேசாக ஆட்டினால் மாவு பறப்பதுபோல் எழும்பும். நோய் கண்ட செடியைக் குணப்படுத்த முடியாது. மற்றச் செடிகளைக் காக்க அதைப் பிடுங்கி அகற்ற வேண்டும். நண்பகல் வெயிலில் இலை சுருள்வதும் உண்டு. மாலையில் அது நிமிர்ந்துவிடும். ஆகவே இந்தக் குழு காலையிலும் மாலையிலும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

*நீர், சத்துக் குழு:* காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிந்திருந்தால், பலரும் நோய் என்றே நினைப்பார்கள். கிருமி எதுவும் இதற்குக் காரணமில்லை. வளரும் காய்க்குக் கால்சியம் போதுமான அளவு போய்ச் சேராததன் விளைவு இது. கால்சியம் நீரோடுதான் பயணிக்கிறது; நீர் சீராகக் கிடைக்காவிட்டால் அதுவும் தடைப்படும். சனி, ஞாயிறு தோட்டம் காய்ந்து கிடந்து, திங்கட்கிழமை குடம் குடமாக ஊற்றும் பள்ளிகளில் இது அதிகம் தெரியும். காய் வெடிப்பதற்கும் இதுவே காரணமாகலாம். இதற்குத் தேவை விடுமுறை நாளில் தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலும், வேரடியில் காய்ந்த சருகு மூடாக்கும்தான். எந்தப் பூச்சிக்கொல்லியும் உதவாது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்ளும் இடம் இது.

கண்ணாடி டம்ளர் சோதனை

இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென வாடி, தண்ணீர் ஊற்றியும் எழவில்லை என்றால், உயர்நிலை வகுப்பினர் இந்தச் சோதனையைச் செய்யலாம். தரைக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, விரல் நீளத் துண்டு ஒன்றை எடுங்கள். வெட்டிய முனை மட்டும் தெளிந்த நீரில் படும்படி கண்ணாடி டம்ளரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை கீழ்நோக்கி வடிந்தால் அது பாக்டீரியா வாடல் நோய். இழை வராமல், தண்டின் உட்புறம் பழுப்பாக இருந்து, அடி இலைகள் மஞ்சளாகியிருந்தால் பூஞ்சை வாடலாக இருக்கலாம். நுண்ணுயிரிகள் பாடத்தில் படமாக மட்டும் பார்த்ததை மாணவர்கள் இங்கே கண்ணெதிரே பார்க்கிறார்கள்.

தண்டை ஆசிரியரே வெட்டுவது நல்லது. சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். அந்த நீரைத் தோட்டத்திலும், செடியை எருக்குழியிலும் போடக் கூடாது. அந்தப் பாத்தியில் அடுத்துக் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வேண்டாம். அவையும் தக்காளியின் குடும்பம் என்பதால் அதே நோய் தொற்றும்.

கொல்லக் கூடாத பூச்சி

பொறிவண்டை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதன் புழு கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு முதலைக்குட்டி போல் இருப்பது பலருக்குத் தெரியாது. பயந்து நசுக்கிவிடுவார்கள். அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பூச்சி அது. படத்தைக் காட்டி, முன்பே அறிமுகம் செய்துவிடுங்கள்.

உணவுச் சங்கிலிப் பாடத்திற்கு நம் மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பல பயிர்களுக்கு அது பரவியது. 2010-இல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து வயல்களில் விட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது.

காரணம் தெரிந்த பிறகு

• காய்ப்புழு: கையால் பொறுக்கலாம். செண்டுமல்லியைப் பொறிப்பயிராக வளர்க்கலாம். 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நேரத்தில் நட்டால் இரண்டும் சேர்ந்து பூக்கும். அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டில் முட்டையிடும். அவற்றைப் பறித்து அழிக்க வேண்டும்.

• வெள்ளை ஈ: மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடலாம். வாரந்தோறும் ஒட்டிய பூச்சிகளை எண்ணி வரைபடம் வரைந்தால் அது கணக்குப் பாடமும் ஆகும்.

• இலைக்கருகல்: நோயுற்ற அடி இலைகளை உலர்ந்த வேளையில் கிள்ளி அகற்ற வேண்டும். செடிக்குக் குச்சி ஊன்றி, காற்றோட்டம் தர வேண்டும்.

• இலை தின்னும் புழுக்கள், சாறு உறிஞ்சும் பூச்சிகள்: 50 கிராம் வேப்பம்பருப்புத் தூளை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் இதன் வீரியம் குறைந்துவிடும். தெளிப்பதை ஆசிரியரே செய்யட்டும்.

புகையிலைக் கரைசலைச் சிலர் இயற்கை வழி என்று பரிந்துரைப்பார்கள். அதிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் ஏறும் நஞ்சு. புகையிலை தொட்ட கைகள் தக்காளிக்கு வைரஸ் நோயையும் கொண்டுவரக்கூடும். இயற்கையானது எல்லாம் பாதுகாப்பானது அல்ல என்பதையும் சேர்த்தே கற்பிப்போம்.

தோட்டக் குறிப்பேடு

ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் கொடுங்கள். தேதி, கண்டது, எந்த இலையில், நாங்கள் நினைக்கும் காரணம், செய்தது, ஒரு வாரம் கழித்து நிலை என ஆறு கட்டங்கள் போதும். 'நினைக்கும் காரணம்' என்ற கட்டத்தைப் பிறகு அடித்துத் திருத்த அனுமதியுங்கள். உற்றுநோக்கல், கருதுகோள், சரிபார்த்தல் என்ற அறிவியல் முறை அந்தத் திருத்தங்களில்தான் இருக்கிறது.

பூச்சிக்கொல்லிப் புட்டிகளில் உள்ள முக்கோண நிறக் குறியீட்டையும் படம் வரைந்து விளக்கலாம். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. காலிப் புட்டிகளை எடுத்துவரச் சொல்லவே கூடாது. வீட்டில் அவற்றைக் கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லப் பழக்குங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் விதைத்தால் காலாண்டுத் தேர்வை ஒட்டி முதல் காய் பறிக்கலாம். பத்துச் செடிகள் இருந்தால் போதும். விளைச்சல் எத்தனை கிலோ என்பது முக்கியமில்லை. தெளிப்பானை எடுக்கும் தந்தையிடம், "இலையைத் திருப்பிப் பார்த்தீங்களாப்பா?" என்று நம் மாணவர் ஒருவர் கேட்டால், இந்தப் பாடம் பள்ளிக்கு வெளியேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.