பிரெஞ்சு கற்கத் தொடங்குவோர் முதலில் பழக வேண்டிய நான்கு வினைகள்

பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த சில வாரங்களிலேயே பலருக்குச் சோர்வு வந்துவிடுகிறது. வினை அட்டவணை மனப்பாடமாக இருக்கும். பேச முயன்றால் ஒரு வாக்கியமும் சரியாக அமையாது. இதற்கு நினைவாற்றல் குறைவு காரணமன்று. தமிழில் நினைத்ததை ஆங்கிலமாக்கி, அதிலிருந்து பிரெஞ்சுக்குப் போகிறோம். பிழைகளில் பல அந்தச் சுற்றுவழியில் வருபவை.

பசியைச் சொல்ல 'ஜெ ஸுயி' (நான் இருக்கிறேன்) என்று தொடங்கினால், நீங்கள் ஆங்கிலம் வழியாக வந்திருக்கிறீர்கள் என்று பொருள். பிரெஞ்சில் பசி, தாகம், வயது, பயம், குளிர், உடல்வலி ஆகியவற்றுக்கு 'அவ்வார்' (உடைத்தாயிரு) என்ற வினையே வரும். 'எனக்குப் பசிக்கிறது' என்பது 'ஜே ஃபேன்'. 'எனக்கு இருபது வயது' என்பது 'ஜே வேன் தான்'. தமிழில் 'எனக்கு' வரும் இந்த ஆறு இடங்களிலும் அவ்வாரைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்' என்பவற்றுக்குத் தனி வினைகள் உண்டு. அங்கே இது செல்லாது.

தமிழ்ப் பழக்கத்தால் வரும் பிழையும் ஒன்று உண்டு. 'நான் ஆசிரியர்' என்று வினையின்றிச் சொல்லி முடிக்கிறோம். பிரெஞ்சில் அங்கே 'எத்ர்' (இரு) கட்டாயம் வேண்டும்.

எத்ர், அவ்வார் இரண்டோடு 'அலே' (போ), 'ஃபேர்' (செய்) ஆகியவற்றையும் நிகழ்காலத்தில் மட்டும் முதலில் பழகுங்கள். அலே நமக்கு எளிது. 'சாப்பிடப் போகிறேன்' என்பதைப் போலவே, 'ஜெ வே' (போகிறேன்) என்பதை அடுத்து வினையின் மூல வடிவத்தைச் சேர்த்தால் எதிர்காலம் கிடைத்துவிடும். அட்டவணையாக ஒப்பிக்காமல் உங்கள் பெயர், ஊர், வயது, வேலை பற்றிய வாக்கியங்களாகவே சொல்லிப் பாருங்கள். பிரெஞ்சுத் தொடக்கநிலைத் தேர்வான டெல்ஃப் ஏ1-இன் பேச்சுப் பகுதியும் சுய அறிமுகத்தில்தான் தொடங்குகிறது.

உச்சரிப்பைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்யும் குறுக்குவழி வேண்டாம். இக்கட்டுரையில் உள்ளவையும் தோராயமான ஒலிகளே. 'அவர்கள் இருக்கிறார்கள்', 'அவர்களிடம் இருக்கிறது' இரண்டையும் தமிழில் 'இல் ஸோன்' என்றுதான் எழுத முடியும். பிரெஞ்சிலோ முன்னதில் 'பாசம்' என்னும் சொல்லில் வருவது போன்ற சகர ஒலி. பின்னதில் தேனீ ரீங்கரிப்பது போன்ற அதிர்வொலி. ஒலிப்பதிவைக் கேட்டு, திரும்பச் சொல்லித்தான் இது பிடிபடும். எழுத்தைக் கண்டும் மிரள வேண்டாம்: 'பார்லே' (பேசு) போன்ற வினைகளில் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்குக்கும் எழுத்து முடிவு மாறினாலும் ஒலி 'பார்ல்' ஒன்றுதான்.

பெயர்ச்சொற்களைத் தனியே எழுதி வைக்காதீர்கள். பிரெஞ்சில் பொருள்களுக்கும் பால் உண்டு: மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். 'அன்' (ஆண்பால் ஒருமை), 'யூன்' (பெண்பால் ஒருமை) என்ற சொற்களோடு சேர்த்தே எழுதுங்கள். ஆங்கில 'the' போன்ற 'லெ' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) வேண்டாம்; அவை உயிரெழுத்துக்கு முன் உருக்குலைந்து பாலை மறைத்துவிடும்.

இறந்த காலத்துக்கு அவசரப்பட வேண்டாம். அன்றாடப் பேச்சில் அது பெரும்பாலான வினைகளுக்கு அவ்வாரோடும், போ, வா போன்ற சிலவற்றுக்கு எத்ரோடும் சேர்ந்து அமைகிறது. இவ்விரண்டின் நிகழ்கால வடிவங்களும் யோசிக்காமல் வாயில் வரத் தொடங்கியபின் அதைத் தொடுங்கள்.