இறங்கு துறையின் காற்று

வீட்டிலிருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகுதற்குரிய கணிப்பொறிக் கருவியைச் சிமுலேட்டர் என வழங்குகின்றனர். 1982-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஃபிளைட் சிமுலேட்டரும், எக்ஸ்-பிளேனும், விலையின்றிக் கிடைக்கும் ஃபிளைட்கியரும் இவ்வகையின. இவற்றிற் பயில்வோர் சின்னாளில் ஏறுதலைக் கற்றுக்கொள்வர், இறங்குதலிலேயே இடர்ப்படுவர். ஏறுமிடத்தின் காற்றும் மேகமும் கண்முன் உள்ளன. இறங்குமிடத்தினவோ கண்ணுக்கெட்டாத் தொலைவில் உள்ளன. ஆகவே, சென்று சேரும் இடத்தின் வானிலையையும் ஆங்கு வழங்கும் ஓடுபாதையையும் அறிந்துகொள்ளும் முறையினை, நம் சென்னையையும் சோழவரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு யாம் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

காற்றும் ஓடுபாதையும்

வானிலை, ஓடுபாதை என்னும் இரண்டும் தனித்தனி வினாக்கள் போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றேயாம். விமானம் காற்றை எதிர்த்தே இறங்குதல் வேண்டும். 60 நாட் வேகத்தில் இறங்கும் சிறு விமானமொன்றை எண்ணுக. 10 நாட் காற்று எதிரே வீசுமாயின் அது தரையை 50 நாட் வேகத்திலேயே தொடும். அக்காற்றே பின்னின்று வீசுமாயின் 70 நாட் வேகத்தில் தொடும். நிற்பதற்கு வேண்டும் தொலைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்தலின், பின்காற்றில் இறங்கியவனுக்கு ஏறத்தாழ இருமடங்கு நீளமான பாதை வேண்டப்படும். ஒரே பாதை, ஒரே விமானம். திசை மாறிய அளவிலேயே இத்துணை வேற்றுமை நிகழ்கின்றது.

ஓடுபாதைகளுக்கு இடப்பெற்ற எண்கள் திசைகாட்டியின் பாகைகளைப் பத்தால் வகுத்துப் பெற்றவை. சென்னை விமான நிலையத்தில் இரண்டு பாதைகள் உள. பெரியது 07 எனவும் 25 எனவும் இரு முனைகளில் பெயர் பெறும். அதன் நீளம் 3,600 மீட்டருக்கு மேற்பட்டது. மற்றையது 12 எனவும் 30 எனவும் பெயர் பெறும். 07 என்பதில் இறங்குவோன் ஏறத்தாழ 70 பாகையை, அஃதாவது கிழக்கிற்குச் சற்று வடக்கை, நோக்கிச் செல்வான். 25 என்பதில் இறங்குவோன் அதற்கு நேர் எதிராகச் செல்வான்.

வடகிழக்குப் பருவத்தில் காற்று கிழக்கும் வடகிழக்குமாக வருதலின் 07 பெரிதும் பயன்படும். தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று வீசுதலின் 25 பயன்படும். அப்பருவத்தும், காலையில் மேற்கினின்று வீசிய காற்றைப் பிற்பகலிற் கடற்காற்று எழுந்து தள்ளிவிடுமாயின் பாதையும் மாறும். காலையிற் கேட்டறிந்த செய்தி மாலைக்கு உதவாமை இதனால் விளங்கும்.

காற்றுக்குப் பெயரிடும் முறை

தொடக்கத்தார் பெரிதும் மயங்குமிடம் ஒன்றுண்டு. வானிலையறிக்கையில் காற்று 90 பாகை என்றிருப்பின், அது கிழக்கு நோக்கிப் போகும் காற்றென்று கருதிவிடுவர். அங்ஙனமன்று, அது கிழக்கினின்று வரும் காற்று. தமிழ் கற்றார்க்கு இம்மயக்கம் நேர வேண்டுவதில்லை. வடக்கினின்று வருவது வாடை, தெற்கினின்று வருவது தென்றல், கிழக்கினின்று வருவது கொண்டல், மேற்கினின்று வருவது கோடை எனக் காற்று புறப்படும் திசை கொண்டே நம் முன்னோர் பெயரிட்டனர். காற்றின் இயக்கத்தை ஆண்டு கடலிற் கலம் செலுத்தியவரின் வழித்தோன்றல் எனக் கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் பாராட்டியமை புறநானூற்றின் 66-ஆம் பாட்டாற் பெறப்படும். அறிக்கையில் 90 எனக் கண்டவுடன் கொண்டல் என்றும், 270 எனக் கண்டவுடன் கோடை என்றும் எண்ணப் பழகினால், எம்முனையில் இறங்குவது என்பது தானே புலப்படும்.

அறிக்கையைப் படித்தல்

விமான நிலையத்தின் அப்போதைய வானிலையைக் குறுகிய குறியீடுகளால் உரைக்கும் அறிக்கைக்கு மெட்டார் என்று பெயர். சென்னை போன்ற பெரிய நிலையங்களில் இஃது அரைமணிக்கு ஒருமுறை வெளியிடப்படும். விளக்கத்தின் பொருட்டு யாமே அமைத்த மாதிரியொன்றைக் காண்க: வி.ஓ.எம்.எம். 150930இசட் 09010கேடி 6000 33/25 கியூ1008.

முதல் நான்கெழுத்தும் சென்னை நிலையத்தின் அடையாளம். அடுத்தது திங்களின் 15-ஆம் நாள், உலகப் பொதுநேரம் 9 மணி 30 நிமிடம் எனக் காட்டும். நம் நாட்டு நேரத்திற்கு ஐந்தரை மணி கூட்டுதல் வேண்டுமாதலின், அது பிற்பகல் 3 மணியாம். மூன்றாவது, 90 பாகையினின்று 10 நாட் வேகத்தில் காற்று வீசுதலை உணர்த்தும். கண்பார்வை எட்டும் தொலைவு 6,000 மீட்டர். வெப்பம் 33 பாகை. பனிநிலை 25 பாகை. கடல்மட்டத்திற்குக் கணக்கிட்ட காற்றழுத்தம் 1008 ஹெக்டோபாஸ்கல்.

இனி இதனைப் பாதையோடு பொருத்துவோம். காற்று 90, பாதை 70. இடைப்பட்ட கோணம் 20 பாகை. காற்றின் பெரும்பகுதி எதிர்ப்படும். மூன்றிலொரு பங்களவே குறுக்கே தாக்கும். 12 என்னும் பாதையைக் கொண்டால் கோணம் 30 பாகையாகிக் காற்றின் பாதி குறுக்கே தாக்கும். ஆகவே நீளத்தாலும் நேர்மையாலும் 07-ஏ ஏற்புடைத்து. மெட்டார் உண்மை வடக்கினின்றும், பாதையின் எண் காந்த வடக்கினின்றும் அளக்கப்படுவன. சென்னையில் இவ்விரண்டின் வேற்றுமை ஓரிரு பாகையே ஆதலின் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. வட அமெரிக்காவின் வடமேற்குப் பகுதிகளில் அது பத்துப் பாகைக்கு மேற்படுதலின் அங்குக் கணக்கிட்டே தீரவேண்டும்.

இறுதியிலுள்ள அழுத்த எண்ணைப் பலர் புறக்கணிப்பர், அதுவே உயிர்நிலையானது. உயரமானியில் 1008-க்கு மாறாக 1013 என்றிருக்க விட்டுவிட்டால், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 27 அடி வீதம், விமானம் உண்மையில் உள்ளதினும் 135 அடி மேலே இருப்பதாகக் கருவி காட்டும். சென்னை விமான நிலையமோ கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 50 அடி உயரமே உடையது. மேகத்தினூடே இறங்குவோனுக்கு இப்பிழை எத்துணைத் தீங்கு பயக்கும் என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

எப்போது, எங்கே கேட்பது?

புறப்படுமுன் மெட்டாரோடு டாஃப் என்னும் முன்னறிவிப்பையும் நோக்குதல் வேண்டும். மெட்டார் இப்போதுள்ளதைச் சொல்லும். டாஃப் நாம் சேரும்போது இருக்கக்கூடியதைச் சொல்லும். பறக்குங்கால், நிலையத்தை அணுகியவுடன் ஏடிஸ் என்னும் தானியங்கி ஒலிபரப்பைக் கேட்கலாம். வழங்கும் ஓடுபாதையை வெளிப்படக் கூறுவது இதுவே. செய்தி புதுப்பிக்கப்படுந்தோறும் அதற்குரிய எழுத்தும் மாறும். எவ்வெழுத்தைக் கேட்டோம் என்பதை விமானி கட்டுப்பாட்டாளருக்கு அறிவிப்பான். இவ்வொலிபரப்பின் அலைகள் நேர்கோட்டிற் செல்வன ஆதலின், தாழப் பறப்போனுக்குத் தொலைவிலிருந்து கேளா. கேளாமை கருவியின் பழுதெனக் கருதி மயங்கற்க, இன்னும் அணுகுக.

சிமுலேட்டரில் மற்றொரு நுட்பமும் உண்டு. அதனுள் நேரலை வானிலையை வைத்துக்கொள்ளலாம்; நாமே ஒரு வானிலையைத் தேர்ந்தும் வைத்துக்கொள்ளலாம். தெளிந்த வானத்தைத் தேர்ந்து வைத்துவிட்டு, வெளியே கிடைக்கும் உண்மை மெட்டாரைப் படித்துப் பாதையைத் தேர்வோன், ஓருலகத்தின் செய்தியைக் கொண்டு மற்றோர் உலகத்தில் இறங்க முயல்கின்றான். எவ்வுலகிற் பறக்கின்றோமோ அவ்வுலகின் ஏடிஸையே கேட்டல் வேண்டும். 2001-ஆம் ஆண்டிற் தொடங்கிய வாட்சிம் என்னும் வலையமைப்பில், தன்னார்வலர் பலர் கட்டுப்பாட்டாளராய் அமர்ந்து பாதையை அறிவிப்பர். ஆங்கு அவர் சொல்லே முடிவு.

சோழவரத்தில் இறங்குதல்

சென்னை விமான நிலையத்திற்கு வடக்கே சுமார் 27 கிலோமீட்டர் தொலைவில், ஏரியால் பெயர்பெற்ற சோழவரம் உள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமைந்த ஓடுபாதை ஆங்குண்டு. போருக்குப்பின் அதுவே கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களின் களமாயிற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத்தளம் திறக்கப்பெற்றபின் அப்பெருமையும் நீங்கிற்று. இன்று அது பயணிகள் விமானம் இறங்குமிடமன்று. ஆங்கு ஏடிஸும் இல்லை, மெட்டாரும் இல்லை. ஆயினும் சிமுலேட்டரில் சிறு விமானம் கொண்டு அதில் இறங்கிப் பார்க்க விழைவோர் உண்டு. அவர் செய்யத்தக்கது யாது?

சென்னையின் மெட்டாரைத் துணையாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது. விமான நிலையம் கடலுக்கு அண்மையது. சோழவரம் அதனினும் உள்ளே தள்ளியது. கடற்காற்று அங்கு வந்தபின்னும் இங்கு வராதிருக்கும் வேளை உண்டு. எனவே பாதையின் மேலே ஆயிரம் அடி உயரத்தில், ஒரே வேகத்தில், இருபுறமும் ஒவ்வொரு முறை பறந்து தரைவேகத்தை நோக்குக. ஒருபுறம் 98 நாட், மறுபுறம் 82 நாட் என்றிருப்பின், வேற்றுமையிற் பாதியாகிய 8 நாட் காற்று பாதை வழியே வீசுகின்றது; தரைவேகம் குறைந்த திசையே இறங்குதற்குரிய திசை. அறிவிப்போர் இல்லாவிடத்தும் அளந்தறிதல் இயலும் என்பதற்கு இது சான்று.

காற்றால் மட்டும் அறியலாகாதது

காற்று நன்றாயிருப்பினும் பாதை மூடப்பட்டிருக்கலாம். 2023 டிசம்பர் 4-ஆம் நாள், மிக்ஜாம் புயல் மழையால் ஓடுபாதையில் நீர் நிறைந்து சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. இத்தகைய தடைகளை நோட்டாம் என்னும் அறிவிப்பு உரைக்கும். சிமுலேட்டரில் மழை பெய்யினும் பாதை நீரில் மூழ்குவதில்லை. ஆதலின் மெய்யுலகை ஒட்டிப் பயில விரும்புவோர் அவ்வறிவிப்பையும் படித்தல் நலம்.

அப்போஸ்தலருடைய நடபடிகளின் 27-ஆம் அதிகாரத்தைக் கற்றோர், பவுலடியார் ஏறிய கப்பலின் கதையை அறிவர். நல்ல துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டோர் மெல்ல வீசிய தென்றலைக் கண்டு, தாம் கருதியது கைகூடிற்றென நம்பினர். பின்னர் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்றில் அகப்பட்டனர். கப்பல் உடைந்ததாயினும் மாலுமிகள் நள்ளிரவில் ஆழத்தை இருமுறை அளந்து, கரை நெருங்குதலை உணர்ந்து நங்கூரம் இட்டனர். புறப்படுமிடத்து இன்காற்று சேருமிடத்தின் செய்தியாகாது. ஒருமுறை அளந்தது மறுமுறைக்குப் போதாது. இவ்விரண்டும் கப்பலுக்கு ஒத்தவாறே விமானத்திற்கும் ஒக்கும்.

சிமுலேட்டரில் தவறி இறங்குவோனுக்குத் தீங்கொன்றுமில்லை என்று அதனை எளிதாகக் கருதற்க. இன்று திரையின்முன் அமர்வோருள் சிலர் நாளை மெய்யான விமானத்தில் பலருயிரைச் சுமந்து செல்வர். கேட்டுத் தெளிந்து, எண்ணிப் பார்த்து, மீண்டும் கேட்டு இறங்கும் பழக்கம் அன்று புதிதாய் வாராது. அன்பர்காள்! அடுத்தமுறை பறக்குமுன் சேருமிடத்தின் காற்று வாடையோ கொண்டலோ என வினவுக. அணுகியபின் மீண்டும் ஒருமுறை வினவுக.