நாய்க்குட்டிகளைக் கொடுப்பதற்கு முன் பழக்குதல்

பட்டிக்கும் களத்துக்கும் காவலாக நாய் வளர்க்கும் குடியானவர்களில் சிலர், குட்டி கண் விழித்த சில நாட்களிலேயே அதைப் பிறருக்குக் கொடுத்துவிடுகின்றனர். எட்டு வாரம் நிறையுமுன் அவ்வாறு செய்தலாகாது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடுகையில்தான் குட்டி தன் கடியை அடக்கக் கற்கின்றது.

குட்டிகள் சுமார் 10 முதல் 14 நாட்களுக்குள் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் செவி கேட்கும். அது முதல் 12 வாரம் வரையில் புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் பருவமாம். 1961-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பிரீட்மன் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியில், 14 வாரம் வரை மனித சகவாசமின்றி வளர்ந்த குட்டிகள் மனிதரை நெருங்கவே அஞ்சின.

ஆகையால் மூன்றாம் வாரம் முதல் ஒவ்வொரு குட்டியையும் தினந்தோறும் தனியே கையிலெடுத்துத் தடவிக் கொடுக்க வேண்டும். வீட்டாரேயன்றி அயலாரும், பெரியோர் முன்னிலையில் குழந்தைகளும் இவ்வாறு செய்தல் நலம். ஆடு, மாடு, கோழி, வண்டிச் சத்தம், பம்பு செட்டின் ஓசை ஆகியவற்றைத் தூரத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பழக்குக. குட்டி மிரண்டால் வற்புறுத்தலாகாது.

இராஜபாளையம் ஜாதி போன்ற வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. குட்டிக்குத் தெரியாமல் பின்னின்று கைதட்டிச் சோதித்து, குறையிருப்பின் வாங்குவோரிடம் மறையாது கூறுக.

இரண்டாம் வாரம் முதல் குடற்புழு மருந்தும், ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் தடுப்பூசியும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் கால்நடை வைத்தியரின் யோசனைப்படி அளித்தல் அவசியம். தடுப்பூசி முடியும் வரை தெரு நாய்களோடு சேரவிடலாகாது.

அச்சத்தால் கடிக்கும் நாய் காவலுக்கு உதவாது. வீட்டுக் குழந்தைகளுக்கே அபாயமாகும். கொடுப்பவர் கையிலிருக்கும் இச்சில வாரங்களே நாயின் குணத்திற்கு அஸ்திவாரமாம்.