கேமரன் மலைக்குப் பின்வாசல் வழி

அன்புள்ள மருமகளுக்கு,

மலேசியா தினத்தோடு சேர்ந்து வரும் மூன்று நாள் விடுமுறையில் தோழிகளோடு கேமரன் மலைக்குப் போவதாக எழுதியிருந்தாய். நீ அனுப்பிய பட்டியலில் பதினேழு இடங்கள் இருந்தன, எண்ணிப் பார்த்தேன். ஒன்றின் பக்கத்திலும் எத்தனை மணிக்கு என்று குறிக்கவில்லை. அந்த மலையில் எங்கே போகிறாய் என்பதைவிட எந்த நேரத்தில் போகிறாய் என்பதே பெரிய கேள்வி.

ஒரு பெருநாள் விடுமுறையில் நானும் உன் அத்தையும் காடியை எடுத்துக்கொண்டு தாப்பா வழியாக ஏறினோம். ரிங்லெட்டைத் தொட்டபோது மதியம். அங்கிருந்து தானா ராத்தா பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அன்று நாங்கள் பார்த்த இயற்கைக் காட்சி, முன்னால் நின்ற லோரியின் பின்பலகைதான்.

மலை பகாங்கில் இருந்தாலும் நம்மவர்கள் வழக்கமாக ஏறும் இரண்டு சாலைகளும் பேராக்கில்தான் தொடங்குகின்றன. ஒன்று தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து போகும் பழைய 59ஆம் எண் சாலை. மற்றது, ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயில் பிரிந்து கம்போங் ராஜாவில் போய் ஏறும் அகலமான புதிய சாலை. சனிக்கிழமை காலையில் கோலாலம்பூரே பழைய சாலையில் முட்டி மோதும். நீங்கள் பின்வாசலால் ஏறி முன்வாசலால் இறங்குங்கள். காடி வேண்டாம்.

வெள்ளி மாலை கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. விடுமுறைக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்றே பார். நீங்கள் இறங்கும் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடங்களைக் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையத்தை வடிவமைத்த அதே ஹப்பக்கின் கைவண்ணம்.

சனிக்கிழமை மதியம்வரை ஈப்போவுக்குக் கொடு. பழைய நகரில் வெள்ளைக் காப்பியோடு பசியாறலாம். வெள்ளை என்பது பாலைக் குறித்த பெயர் அல்ல. கொட்டையைச் சர்க்கரை சேர்க்காமல் மார்ஜரினில் வறுப்பதால் கருப்பு குறைந்துவிடுகிறது. பிறகு கல்லுமலை முருகனைப் பார்த்துவிட்டு வா. பத்துமலையையும் தண்ணீர்மலையையும் பார்த்த உனக்கு மூன்றாவது மலை பாக்கி. மதியச் சாப்பாட்டுக்கு முளைப்பயறோடு வரும் தவ்கே கோழி. அந்த முளைப்பயறு அவ்வளவு கொழுத்து நறுக்கென்று இருப்பதற்குச் சுண்ணாம்புக்குன்றுத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள் ஈப்போக்காரர்கள். நான் வாதாடுவதில்லை, இன்னொரு தட்டு சொல்வேன். ஒன்றை மறக்காதே: மலைக்குப் போகும் பேருந்து புறப்படும் அமான்ஜெயா நிலையம் நகருக்குள் இல்லை, மேரு ராயாவில் இருக்கிறது. ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்.

தானா ராத்தாவில் இறங்கியதும் முதல் வேலை, மறுநாள் விடியலுக்கு ஒரு லேண்ட் ரோவர் பேசி வைப்பது. மதியத்துக்குமேல் அங்கே மழைக்கு நேரம் காலம் கிடையாது. அதனால் காடும் தோட்டமும் காலைக்குரியவை. விடியலில் பதினைந்து டிகிரிவரை இறங்கும், குளிராடை எடுத்துக்கொள். 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையில் பாசிக்காடு இருக்கிறது. மேகம் மரங்களின்மேலேயே படுத்துக் கிடப்பதால் அடிமரம் முதல் கிளைவரை பாசி. குடுவைச்செடியும் தொங்கும். மலாய்க்காரர்கள் அதைக் குரங்கின் சட்டி என்கிறார்கள். அங்குள்ள பலகைப் பாதையைப் பழுதுபார்க்க மூடிவிடுவதும் உண்டு, முன்கூட்டியே விசாரித்துவிடு.

இறங்கும் வழியில் சுங்கை பாலாஸ் தோட்டம். ‘போ’ தேயிலை நிறுவனத்தின் தொழிற்சாலையும், பள்ளத்தாக்கின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தேநீர்க் கூடமும் அங்கேதான். சாதாரணத் திங்கட்கிழமைகளில் அது மூடியிருக்கும். ஞாயிறு காலையே நல்லது. எல்லாரும் கூடத்துக்கு ஓடிப் படம் எடுப்பார்கள். நீ முதலில் செடியைப் பார். தேயிலை உண்மையில் மரம். விட்டால் தலைக்குமேல் போய்விடும். இடுப்பளவுக்கு வெட்டி வெட்டி மேசைபோல் நிறுத்தியிருக்கிறார்கள், கொழுந்து கைக்கு எட்ட. 5 கிலோ பச்சைக் கொழுந்து போனால் ஏறக்குறைய ஒரு கிலோ தூள் வரும். வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து நிறம் மாறியதும் உலர்த்திச் சலிக்கிறார்கள். தொழிற்சாலையில் அந்த வரிசையிலேயே நடந்து பார், வாசனை ஒவ்வொரு கட்டத்திலும் மாறும்.

1929இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய மில்னோடு சேர்ந்து தொடங்கியது இந்த நிறுவனம். காட்டைத் திருத்தக் கோவேறு கழுதைகளும் ஒரு நீராவி உருளையும் இருந்ததாகக் கதை சொல்வார்கள். கதையில் கூலிகளுக்குப் பெயர் இராது. அவர்களில் பலர் நம் ஆட்கள். உன் கொள்ளுப்பாட்டி கீழ்நாட்டில் விடியுமுன் பால்மரம் வெட்டினாள். இங்கே அதே தலைமுறை பனியில் நின்று கொழுந்து கிள்ளியது. இப்போது விரலால் கிள்ளுவது குறைவு. ஒரு நிரையின் இருபுறமும் இருவர் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அவர்களில் நேப்பாளத்துக்காரரும் வங்காளதேசத்துக்காரரும் இருப்பார்கள். சரிவில் தகரக் கூரை போட்ட லயங்கள் தெரிந்தால் கேமராவைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள். அது ஒருவர் வீட்டு வாசல்.

மழை பிடித்ததும் சாப்பாடு. தானா ராத்தாவில் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். இரவுக்குப் பிரிஞ்சாங்கில் ஸ்டீம்போட்: மலையில் விளைந்த கீரையும் காளானும் உங்கள் மேசைச் சட்டியிலேயே வேகும். ஸ்ட்ராபெரி பற்றிக் கேட்டிருந்தாய். பழத்தின் சிவப்பு நாக்கில் இருக்காது, புளிக்கும். ஸ்கோனோடு ஜாமாகச் சாப்பிடு. கியா ஃபார்ம் சந்தைக்கு விடுமுறை நாள் மதியத்தில் மட்டும் போகாதே, அங்கேதான் சாலை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். உன் பட்டியலில் மீதமுள்ள பன்னிரண்டு இடங்களையும் அடித்துவிடலாம்.

திங்கள் காலை முதல் பேருந்திலேயே தாப்பா வழியாக இறங்கி விடுங்கள். வளைவுகள் வயிற்றைப் புரட்டும், இஞ்சி மிட்டாய் வைத்துக்கொள். ரிங்லெட் அருகே ஏரி வரும்போது தூங்கிவிடாதே. 1963இல் மின்சாரத்துக்காகக் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் அது. மேலே காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவைச் சுரண்ட, மண்ணெல்லாம் இங்கே வந்து படிகிறது. தண்ணீரின் நிறமே சொல்லும். 2013 அக்டோபரில் மழை பெருகி அணை திறக்கப்பட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. நீங்கள் சாப்பிடப்போகும் அந்த ஸ்டீம்போட் கீரையும் அந்தச் சரிவுகளில்தான் வளர்கிறது.

எனக்கு ஸ்ட்ராபெரிச் சாவிக்கொத்து வேண்டாம். தொழிற்சாலைக் கடையில் ஒரு பொட்டலம் தூள் வாங்கி வா. அழகான டப்பாவில் இருக்கும் முழு இலை வேண்டாம். பால் ஊற்றினால் நிறம் நிற்கிற பொடித் தூள். உன் அத்தைக்கு அதுதான் தே.

அன்புடன்,
மாமா