வாளித் தண்ணீரும் வாணலி மூடியும்

எனக்கு அப்போது எட்டு வயது. தீபாவளிக்கு முந்தின இரவு, அண்ணன் அணைந்துபோன கம்பி மத்தாப்பை வாசல்படியோரம் போட்டிருந்தான். வெறுங்காலோடு ஓடிவந்து அதை மிதித்துவிட்டேன். நான் அலறியதைக் கேட்டு ஓடிவந்த அத்தை, அண்ணனின் மைப்புட்டியை எடுத்து என் உள்ளங்காலில் கவிழ்த்தார். "தண்ணி மட்டும் படக்கூடாது, கொப்பளிச்சிடும்" என்றார். மறுநாள் டாக்டருக்குக் காயம் எவ்வளவு ஆழம் என்றே தெரியவில்லை. மையைத் துடைத்து எடுத்தபோது பட்ட வேதனை, சுட்டபோது பட்டதைவிட அதிகம்.

அத்தை அன்பால் செய்ததுதான். ஆனால் தீப்புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்ற நம்பிக்கை தவறு. கொப்புளம் சூட்டால் வருவது. தண்ணீர் பட்டாலும் படாவிட்டாலும் வரும். நெருப்பு விலகிய பிறகும் தோலுக்குள் தங்கிய சூடு ஆழத்தில் இருக்கும் தசையை வேகவைத்துக்கொண்டே இருக்கிறது. அதை வெளியேற்றுவது குழாயில் ஓடும் சாதாரண தண்ணீர்தான், அதுவும் 20 நிமிடம். பிள்ளை அழும்போது 20 நிமிடம் ரொம்ப நீளம். இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். உடனே முடியாமல் போனாலும், சுட்ட மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீரில் காட்டினால் பலன் உண்டு. சின்னக் குழந்தை என்றால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் ஓடட்டும், மற்ற உடம்பைத் துண்டால் போர்த்திவையுங்கள். வீங்குவதற்குள் வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள்.

மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் சூட்டை இழுக்காது. கிருமி சேரவும் காயத்தை மறைக்கவும்தான் உதவும். ஐஸ்கட்டியும் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி டாக்டரிடம் போங்கள். முகம், கை, பாதம், மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தால் சின்னக் காயம்தானே என்று காத்திருக்கவே கூடாது.

"கம்பி மத்தாப்புதானே, குழந்தை பிடிக்கட்டும்" என்று வெடியை வாங்கி வைத்துக்கொண்டு மத்தாப்பைக் கொடுப்போம். எரியும் மத்தாப்பின் சூடு சுமார் 1,000 டிகிரி செல்சியஸ். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பொறி நின்ற பிறகும் கம்பி சுடும். இருட்டில் கண்ணுக்கும் தெரியாது. வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், எரிந்து முடிந்த ஒவ்வொரு கம்பியும் நேராக அதற்குள் போகட்டும். காலில் செருப்பு கட்டாயம்.

பருத்தி உடுத்தினால் பயமில்லை என்பது பாதி உண்மை. நைலான், பாலியெஸ்டர்போல உருகித் தோலில் ஒட்டாது, அவ்வளவுதான். மற்றபடி பருத்தி நன்றாகவே தீப்பிடிக்கும், தொளதொளப்பாக இருந்தால் இன்னும் வேகமாக. ஆகவே துணியோடு தைப்பையும் பாருங்கள்: துப்பட்டாவை இழுத்து முடியுங்கள், பாவாடையைத் தூக்கிச் செருகுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது, படுத்துப் புரள வேண்டும். எரிகிறவர் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஊற்றுங்கள், வாளியோடு ஊற்றுங்கள்.

வெடிக்காத வெடியைக் குனிந்து பார்ப்பதும் ஊதுவதும் கண்ணைப் பறிக்கும். தள்ளி நின்று, பொறுத்திருந்து, நனைத்துவிடுங்கள். பசுமைப் பட்டாசில் குறைவது புகையும் மாசும்தான், நெருப்பு நெருப்புதான்.

சீரியல் லைட் விஷயத்தில், "ட்ரிப்பர் இருக்கு, ஷாக் அடிக்காது" என்பார்கள். அவர்கள் சொல்லும் ட்ரிப்பர் பெரும்பாலும் சாதாரண எம்.சி.பி.தான்; அது பல ஆம்பியர் மின்சாரம் போனால்தான் விழும். ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே உயிரைப் பறிக்கப் போதும். மனிதரைக் காப்பதற்கு 30 மில்லிஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. தேவை. தீபாவளியும் கார்த்திகையும் மழைக்காலத்தில் வருகின்றன; நனைந்த கம்பி கிராதியில் ஒட்டுப்போட்ட வயரைச் சுற்றாதீர்கள்.

சமையலறையில் கேஸ் வாடை வந்தால் ஃபேன் போட்டு விரட்டலாம் என்பதும் ஆபத்தான நினைப்பு. சுவிட்ச் போட்டாலும் அணைத்தாலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-க்கு அழையுங்கள்.

இவ்வளவு நேரம் தண்ணீர், தண்ணீர் என்று சொன்னேன். ஆனால் எண்ணெய்த் தீயில் அது எமன். முறுக்கு எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் வருகிறது, வாணலி புகைகிறது, எண்ணெயில் தீ ஏறிவிடுகிறது. கை தானாகக் குடத்தைத் தேடும். அந்தக் குடத்தைத் தொடாதீர்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கும். 100 டிகிரியில் கொதிக்கிற அது, முந்நூறு டிகிரியைத் தாண்டிய எண்ணெய்க்குள் நொடியில் ஆவியாகி சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை மேலே வீசியெறியும். வாணலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடுவதும் அதே அளவு மோசம்.

எண்ணெய் வைக்கும்போதே வாணலிக்குச் சரியான உலோக மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீ பிடித்தால் மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடி, அடுப்பை அணையுங்கள். அடுப்பருகே கை போக முடியாத அளவுக்குத் தீ இருந்தால் எல்லோரையும் வெளியேற்றி 101-க்குச் சொல்லுங்கள். மூடிவிட்டீர்களா, அணைந்ததா என்று திறந்து பார்க்க வேண்டாம். காற்றுப் புகுந்தால் மறுபடி பற்றும். பாத்திரம் முழுக்க ஆறும்வரை அப்படியே இருக்கட்டும்.