கங்காரு வாலும் காபிப்பொடியும்

கேள்வி: அரிவாள்மணையில் விரல் அறுபட்டால் காபிப்பொடியை அப்புகிறோமே, இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?
- மயிலாப்பூர் வாசகி

பதில்: பதற்றத்தில் கைக்கெட்டிய டப்பாவைத் திறந்த யாரோ ஒருவர். வேறென்ன? ரத்தத்தை நிறுத்துவது பொடியல்ல; காயத்தை அழுத்திப் பிடிக்கும் உங்கள் கட்டைவிரலும் ரத்தத்தில் உள்ள தட்டணுக்களும்தான். பேர் மட்டும் காபிக்குப் போய்விட்டது. அதுவும் என்ன காபி? 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. சிக்கரியை டம்ளரிலேயே ஒப்புக்கொள்ளாதவன் நான், விரலில் விடுவேனா? குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள், சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எட்டிப் பார்க்கக் கூடாது.

கேள்வி: தழும்பு எதனால் ஆனது? பழைய தோலே ஏன் திரும்ப வருவதில்லை?
- அடையாறு வாசகர்

பதில்: அடையாற்றில் குடியிருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! உங்கள் ஊரில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செருப்புத் தோல், உங்கள் தோல், தழும்பு எல்லாவற்றுக்கும் கச்சாப்பொருள் ஒன்றே: கொலாஜன் என்ற புரதம். அதன் வடிவத்தைக் கண்டதும் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் சேர்ந்த சுருள் அது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது கங்காரு வால் தசைநாணை! அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியாது என்று மேல்நாட்டில் முணுமுணுத்தார்கள். சரி, எவ்வளவு நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் அளக்கப் போனார். அதில் பிறந்ததுதான் 1963-இல் வந்த ‘ராமச்சந்திரன் வரைபடம்’. உலகத்தில் உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் அது பாடம். பாண்டி பஜாரில் நின்று அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், எந்தப் படத்தில் நடித்தார் என்பார்கள்.

தழும்பைக் கேட்டீர்கள் அல்லவா? குழாய்க்காகத் தோண்டிய ரோட்டில் மாநகராட்சி போடும் ஒட்டுதான் அது. அவசரத்துக்கு ஒரு மெல்லிய கொலாஜன், பிறகு மாதக்கணக்கில் கெட்டியான ரகம். அப்படியும் பழைய பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாது. முடியும் முளைக்காது, வியர்க்கவும் வியர்க்காது.

கேள்வி: புண்ணுக்குக் காற்றுப் படணும், மூடினால் சீழ் வைக்கும் என்கிறாரே என் மாமியார்?
- தி.நகர் வாசகி

பதில்: 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேயர் பன்றிகளை வைத்து இதைச் சோதித்துவிட்டார். படலம் போட்டு ஈரம் காத்த காயத்தில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடிக்கொண்டது. புதுச் செல்கள் ஈரத்தில்தான் சுலபமாக நகரும். பொருக்குத் தட்டினால் அதற்கடியில் வழி தோண்டிக்கொண்டு போக வேண்டும். சீழ் வைப்பது கிருமியால், மூடியதால் அல்ல. அழுக்குக் காயத்தைக் கழுவாமல் மூடினால் மட்டும் மாமியார் ஜெயிப்பார். பன்றி விவரத்தை அவரிடம் சொல்ல வேண்டாம்.

கேள்வி: அந்தக் கங்காரு கிண்டிப் பூங்காவில் இருந்ததா?
- அதே அடையாறு வாசகர்

பதில்: இல்லை ஐயா, அங்கே புள்ளிமானும் வெளிமானும்தான். வாலை விடுங்கள், காலைப் பாருங்கள். மயிலாப்பூரில் பங்குனி அறுபத்துமூவர் திருவிழாவுக்கு மாடவீதியில் வெறுங்காலோடு சுற்றும் சர்க்கரைக்காரர்களே, தார் சுட்டாலும் உங்கள் பாதத்துக்குத் தெரியாமல் போகலாம். வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளமோ புண்ணோ இருந்தால் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.