விருத்தாசலத்திலிருந்து நெற்களஞ்சியங்களைத் தேடி

விருத்தாசலம் வருகிறவர்கள் பழமலைநாதரையும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரையும் கும்பிட்டுவிட்டு, பீங்கான் பொம்மை இரண்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இன்னும் இரண்டு மூன்று நாள் அவகாசம் இருந்தால், இதே ஊரில் தங்கி, நெல்லைக் காக்க நம்மவர்கள் கட்டிய கட்டடங்களையும் பார்த்து வாருங்கள்.

எப்படிப் பார்ப்பது?

சேமித்த நெல்லுக்கு எதிரிகள் நான்கு: ஈரம், எலி, பூச்சி, திருடன். அடித்தளம் ஏன் உயர்ந்திருக்கிறது, வாயில் ஏன் இத்தனை சின்னது, சன்னல் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டே சுற்றி வாருங்கள். பதில் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். இங்கிலாந்துப் பண்ணைகளில் தானிய அறையைக் காளான் வடிவக் கற்களின் மேல் தூக்கி நிறுத்தினார்கள். விரிந்த தலைப்பகுதியைத் தாண்டி எலியால் ஏற முடியாது. நெல்லைச் சேமிக்கும் நம் மண் குதிரும் வெறுந்தரையில் உட்காராது.

1. கிராமத்துக் குதிர்

முதலில் சுற்று வட்டாரக் கிராமங்களில் விசாரியுங்கள். பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் குதிர் மட்டும் சூளை காணாத மண்பாண்டம். களிமண்ணில் வைக்கோலைச் சேர்த்துப் பிசைந்து, உறை உறையாகச் செய்து, வெயிலில் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசுவார்கள். மேல் மூடியின் விளிம்பைச் சாணமும் மண்ணும் குழைத்து அடைப்பார்கள். அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அடைப்பை உருவினால் நெல் தானாகச் சரியும். பூச்சிக்கு வேப்பிலையும் நொச்சியும் காவல். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று பிள்ளை உளறிய கதையிலிருந்தே தெரியும், ஆள் ஒளியும் அளவுக்குப் பெரிய குதிர்களும் உண்டென்று. வீட்டுக்காரரைக் கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

2. திருப்பாலைத்துறை

இந்தப் பயணத்தில் தவறவிடக் கூடாத இடம் இதுதான். கும்பகோணம் – தஞ்சாவூர் சாலையில், பாபநாசத்தை ஒட்டிய பாலைவனநாதர் கோயில் வளாகத்தில் சுமார் 36 அடி உயரச் செங்கல் களஞ்சியம் நிற்கிறது. உடல் உருளை, தலை கூம்பு. மழைத் தண்ணீர் தங்காமல் வழிந்துவிடும்; வட்டச் சுவர் என்பதால் நெல்லின் அழுத்தமும் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். கீழிருந்து மேலாக வாயில்கள் வைத்திருப்பதைக் கவனியுங்கள்: நெல் மட்டம் ஏற ஏற, கொட்டும் வாயிலும் மேலே போகும். தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்துக் கட்டடம் இது. 3000 கலம் கொள்ளும் என்பார்கள். கலத்துக்கு 12 மரக்கால். இன்று தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

கோயிலுக்கு எதற்கு இவ்வளவு பெரிய களஞ்சியம்? கோயில் நிலத்துக் குத்தகை நெல்லாகவே வந்தது. நைவேத்தியமும் ஊழியர் கூலியும் நெல்லாகவே போயின. இங்கிலாந்தின் கிரேட் காக்ஸ்வெல் கிராமத்தில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பெரிய கல் களஞ்சியமும் இதே கதைதான். அங்கே நிலம் துறவியர் மடத்துக்குச் சொந்தம்.

போகும் வழி: ஜெயங்கொண்டம் வழியாகப் பேருந்தில் கும்பகோணம், அங்கிருந்து சுமார் 15 கி.மீ.

3. ஸ்ரீரங்கம்

விருத்தாசலம் சந்திப்பிலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சி போகும் ரயில்களில் ஸ்ரீரங்கத்தில் நிற்பதாகப் பார்த்து ஏறுங்கள். கோயிலுக்குள் ‘கொட்டாரம்’ எனப்படும் நெற்களஞ்சியம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். பிரம்மாண்டமான செங்கல் உருளைகள் வரிசையாக நிற்கும். இக்கோயிலின் புதுப்பிப்புப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

4. செஞ்சி

ரயிலில் விழுப்புரம், அங்கிருந்து பேருந்து. ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்திலேயே களஞ்சியங்கள் இருப்பதால் மலை ஏற வேண்டியதில்லை. தடித்த சுவர், வளைவுக் கூரை. கோட்டை முற்றுகைக்கு ஆளானால் உள்ளே இருப்பவர்கள் உயிர்பிழைக்க இந்த நெல்தான் கதி. மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக்கு 2025இல் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது.

கவனிக்க

தை, மாசி நல்ல காலம்: வெயில் கடுமையிராது, சம்பா அறுவடையும் கண்ணில் படும். உச்சிவேளையில் கோயில் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். செஞ்சிக்குத் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் மற்ற மூன்றையும் விட்டுவிட்டுத் திருப்பாலைத்துறைக்குப் போங்கள்.